கோப்பையைச் சூடாக்கிய நீர்

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ அனுப்பிய தேயிலை டப்பாவும் கடிதமும் செவ்வாய்க்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தன. மலையில் குளிர் குறைந்ததா? உன் இருமல் விட்டதா?

உன் அண்ணனுக்குக் காய்ச்சல் போய் ஐந்து மாதம் ஆகிறது. மூக்குக்கு வாசனை தெரிவது இன்னும் திரும்பவில்லை. கேட்பவர்களிடம், "மூக்கு சம்பளத்தோட லீவுல இருக்கு" என்கிறார். தேயிலை ருசி பார்ப்பதே வேலையான மனிதர். அலுவலகத்தில் எத்தனை நாள் இதற்குச் சிரிப்பார்கள்? வரும் திங்கட்கிழமை பெயர் ஒட்டாத இருபது கோப்பைகளை அவர் முன்னால் வைக்கப் போகிறார்கள். தவறினால் அவர் இடம் வேறொருவருக்கு.

பால் சேர்க்காமலே பாலாடை ருசி வரும் என்று நீ எழுதியிருந்ததை நான் நம்பவில்லை. எசன்ஸ் தெளித்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் நீ எழுதியபடியே செய்தேன். முதலில் கோப்பைகளில் வெறும் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கினேன். அதைக் கொட்டிவிட்டுத்தானே தேநீர் ஊற்ற வேண்டும்? டப்பாவை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினேன்.

அதற்குள் அவர் வந்து உட்கார்ந்து ஒரு கோப்பையை எடுத்துவிட்டார். நம் வீட்டுக் கோப்பைகளுக்கு உள்ளேயும் கறுப்பு. எதை ஊற்றினாலும் நிறம் தெரியாது. வேலையில் செய்வதுபோலச் சத்தமாக உறிஞ்சினார். "வந்துடுச்சு. பாலாடை நாக்குல அப்படியே படருது. கடைசில லேசா ஒரு பூ வாசம். என் தங்கச்சி கெட்டிக்காரிதான்" என்றார். உன் கடிதத்தில் இருந்த அதே சொற்கள். டப்பாவின் மூடியை நான் இன்னும் திறந்திருக்கவே இல்லை.

டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். அவர் குளிக்கப் போன பிறகு தேநீரைப் போட்டேன். சுருட்டிய தேயிலை உருண்டைகள் மெல்லப் பிரிந்து, காம்போடு முழு இலைகளாயின. நீ எழுதியது சரிதான். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கோப்பை காலியான பிறகும் பூ வாசம் அதிலேயே இருந்தது. அதே இலையில் மூன்று முறை ஊற்றி, மூன்றையும் நானே குடித்தேன். இவ்வளவு நல்ல தேநீரை நான் குடித்ததே இல்லை. குடித்து எனக்கு என்ன ஆக வேண்டும்?

அவர் தெரிந்தே சொன்னாரா, உண்மையிலேயே நம்பினாரா, தெரியவில்லை. இரண்டில் எது தேவலை என்றும் தெரியவில்லை. குணமாகிவிட்டதென்று அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டார். வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டை அவரே துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் போனில் கூப்பிடுவார். தேநீரின் ருசியை விவரிப்பார், நன்றாகவே விவரிப்பார். குறுக்கே எதுவும் கேட்காதே. இன்னொரு டப்பா கேட்டால், அனுப்புகிறேன் என்று சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி