சாலையோர ஆரஞ்சுக் கம்பங்களும் என் தம்பி வெர்லின் மீதான வழக்கும்

அனுப்புநர்:
கொலீன் பிரெக்கி,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
மில் தெரு, ஆஷ்பி கிராசிங்,
வில்லோ ஃபோர்க் மாவட்டம், மொன்டானா.

பெறுநர்:
அரசு வழக்கறிஞர் அவர்கள்,
மாவட்ட நீதிமன்றக் கட்டடம்,
வில்லோ ஃபோர்க் மாவட்டம்.

பொருள்: பொது வேட்டை நிலம் மாவட்டச் சாலையைத் தொடும் இடத்தைத் தனியார் நிலம் என்று காட்டி அடைத்திருப்பது, அதனால் என் தம்பி வெர்லின் பிரெக்கி உயிரிழந்தது, அவர் மீதும் என் மீதும் உள்ள அத்துமீறல் வழக்குகள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. டிரை கூலி சாலையில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் இடப்புறம் மாநில அரசின் பள்ளி நிலம் இருக்கிறது; அதன் வருமானம் பள்ளிகளுக்குப் போவதால் அந்தப் பெயர், மற்றபடி அது பொது நிலம். மூன்று பக்கமும் தனியார் பண்ணைக்குள் சிக்கிய நிலம் அது. நான்காவது பக்கத்தில் மட்டும், நாலைந்து வண்டிகளை வரிசையாக நிறுத்தும் அகலத்துக்குச் சாலையை ஒட்டி வருகிறது. வேட்டை உரிமம் உள்ள எவரும் அந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, யாரிடமும் கேட்காமல் உள்ளே நடந்து போகலாம். நானும் என் தம்பியும் எங்கள் அப்பாவோடு போனது அந்த வழியாகத்தான். தான் வேலை பார்த்த மர ஆலை மூடிய பிறகு என் தம்பி வீட்டின் குளிர்கால இறைச்சி முழுவதும் அந்தச் சரிவிலிருந்துதான் வந்தது.

2. சென்ற கோடையில் பண்ணை கைமாறியது. புதிய உரிமையாளரை இங்கே யாரும் பார்த்ததில்லை. அவருடைய மேலாளர் திரு. ட்ரென்ட் ஹாலிஸ்டர் வேலிக் கம்பங்களுக்கு ஆரஞ்சு நிறம் பூசினார். நம் மாநிலத்தில் அந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பது தாங்கள் அறிந்ததே: தனியார் நிலம், நுழையாதே. தம் பண்ணைக் கம்பங்களோடு அவர் நிறுத்தவில்லை. பள்ளி நிலம் சாலையைத் தொடும் இடத்திலும் புதுக் கம்பிவேலி இழுத்து, அந்தக் கம்பங்களுக்கும் அதே நிறம் பூசிவிட்டார்.

3. வேட்டைப் பருவம் தொடங்கிய வாரத்தில் என் தம்பி வழக்கம்போல் அங்கே இறங்கி உள்ளே சென்றார். திரும்பி வரும்போது மேலாளர் சாலையில் காத்திருந்தார். நான் சாலையில் வண்டியோடு காத்திருந்ததால், பேசியதை அப்படியே எழுதுகிறேன். "பெயின்ட் கண்ணுக்குத் தெரியலயா, இல்ல படிக்கத் தெரியாத ஆளா நீ?" என்றார் மேலாளர். என் தம்பி, "பெயின்ட் தெரியுது. நீ யாரோட கம்பத்துக்கு அடிச்சேங்கிறதுதான் எனக்குப் புரியல" என்றார். மேலாளர் அழைத்து வந்து சேர்ந்த மாவட்டக் காவல் அதிகாரி, துணை ஷெரிஃப் திரு. டாட் கார்வர், என் தம்பியோடு ஒரே வகுப்பில் படித்தவர். "வெர்லின், எனக்குத் தெரியாதா என்ன? ஆனா கம்பத்துல பெயின்ட் இருக்கு. கோர்ட்ல போய்ச் சொல்லிக்கடா" என்று சொல்லி அத்துமீறல் வழக்குப் பதிந்தார். விசாரணை முடியும்வரை அந்தக் கம்பங்களைத் தாண்டக் கூடாது என்று நீதிமன்றமும் உத்தரவிட்டது.

4. என் தம்பி அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார் என்பதைத் தாங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டுகிறேன். பருவம் முடிய இருந்தது. வீட்டு ஃப்ரீசர் காலி. ஆற்றின் படுகைக்குள் நடப்பது நம் மாநிலத்தில் குற்றமல்ல. பாலத்தடியில் இறங்கி ஆற்றோடு மேலே நடந்தால், எவர் வேலியையும் தொடாமல் பள்ளி நிலத்தின் பின்பக்கம் ஏறிவிடலாம். நவம்பர் கடைசி ஞாயிறு அன்று அவர் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார். "தண்ணி ஐஸா இருக்கும்டா, இந்த வருசம் மான் வேணாம், விடு" என்றேன். "சட்டப்படி போறேன் அக்கா. இதுக்கும் கேஸ் போடுவானுங்களா பாப்போம்" என்று சிரித்தபடி இறங்கினார். நான் வண்டியைக் கொண்டுபோய் ஆரஞ்சுக் கம்பங்களின் எதிரே நிறுத்திக் காத்திருந்தேன். அங்கிருந்து சரிவு முழுவதும் தெரியும்.

5. மதியம் கடந்தபோது, அடுத்தடுத்து மூன்று முறை துப்பாக்கி சுடும் சத்தம் கேட்டது. ஆபத்தில் இருப்பவர் அப்படிச் சுடுவது வழக்கம். உடனே அவசர உதவிக்கு அழைத்தேன். முதலில் வந்தவர் திரு. கார்வர்; பின்னாலேயே மீட்புக் குழுவின் வண்டி வந்தது. அவர்கள் அனைவரும் சாலையிலேயே நின்றார்கள். பண்ணையின் பூட்டிய கேட்டைத் திறக்க அனுமதி கேட்டுத் திரு. கார்வர் மேலாளருக்குத் தொலைபேசியில் அழைத்தபடி இருந்தார். மேலாளர் எடுக்கவில்லை. கேட் தேவையே இல்லை என்று சொன்னேன். எதிரே இருக்கும் கம்பியைத் தாண்டி நடந்தால் போதும், அது நம் எல்லோருடைய நிலம் என்று சொன்னேன். "கொலீன், என் கையக் கட்டிப்போட்டிருக்காங்க. நீ தாண்டினா உன் மேலயும் எழுத வேண்டி வரும்" என்றார். "எழுதிக்கோ டாட். பேனா இல்லன்னா என் வண்டியில இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தாண்டினேன். மீட்புக் குழுவில் ஒருவர்கூட என் பின்னால் வரவில்லை.

6. ஆற்றோரக் கரையில், புதருக்குள் என் தம்பியைக் கண்டேன். படுகைப் பனிக்கட்டி உடைந்து மார்பளவு நீரில் விழுந்து, எப்படியோ கரையேறி, பள்ளி நிலத்துக்குள் வந்து சேர்ந்திருந்தான். தீக்குச்சிகள் அவன் முன்னால் சிதறிக் கிடந்தன, விரல்கள் மடங்கவில்லை. ஈரச் சட்டையைக் கழற்றி என் கோட்டைப் போர்த்தி அணைத்துக்கொண்டேன். "பெயின்ட்டத் தாண்டியா வந்த?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "போச்சு, குடும்பமே ரவுடிக் குடும்பம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பக் குளிரல அக்கா" என்றான். வேட்டைக்குப் போகும் குடும்பத்தில் வளர்ந்தவள் நான். உறைந்துபோகிற உடம்புக்குக் கடைசிக் கட்டத்தில்தான் குளிர் தெரியாமல் போகும் என்று எனக்குத் தெரியும். மேலே சாலையைப் பார்த்துக் கத்தினேன். அவர்களுடைய வண்டியின் சிவப்பு விளக்கு சுழல்வது எனக்குத் தெரிந்தது. என் குரல் அவர்களுக்கும் கேட்டிருக்கிறது, பின்னர் திரு. கார்வரே அதை ஒப்புக்கொண்டார்.

பண்ணை ஆள் ஒருவர் வந்து கேட்டைத் திறந்து, மீட்புக் குழு சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது என் தம்பி இறந்திருந்தார். முன்பே சூடேற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதற்கு மேல் நானும் இங்கே எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

7. அடக்கம் முடிந்த பிறகு மாநில நில அலுவலகத்தார் வந்து, பனியைத் தோண்டிப் பழைய சர்வே கற்களைக் கண்டெடுத்தார்கள். சாலையைத் தொடும் அந்த இடம் பொது நிலமே என்று உறுதி செய்து, அரசு வழக்கறிஞரான தங்கள் அலுவலகத்துக்கும் தெரிவித்திருக்கிறார்கள். கம்பங்களின் நிறத்தை அழிப்பீர்களா என்று மேலாளரிடம் நேரில் போய்க் கேட்டேன். "பனி உருகட்டும், பாக்கலாம்" என்றார். தினமும் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கம்பங்களின் வழியாகத்தான் பேருந்தை ஓட்டுகிறேன்.

8. சென்ற மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து, என் தம்பி மீதான வழக்கு "குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால்" முடிக்கப்பட்டது என்று தகவல் வந்தது. என் மீதான வழக்கையும், துக்கத்தைக் கருதி, கைவிடத் தாங்கள் தயாராக இருப்பதாகத் தங்கள் உதவியாளர் தொலைபேசியில் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நம்புகிறேன்.

ஆகவே நான் பணிவுடன் கேட்பவை இவை. பொது நிலத்தில் இழுத்த வேலியையும் பூசிய நிறத்தையும் அகற்ற உத்தரவிட வேண்டும். அதைச் செய்தவர் மீது சட்டம் சொல்லும் நடவடிக்கை எடுக்க வேண்டும். உயிர் போகும் நேரத்தில் எவருடைய அனுமதிக்காகவும் மீட்புக் குழு சாலையில் காத்து நிற்கக் கூடாது என்று ஷெரிஃப் அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவுறுத்த வேண்டும். என் தம்பியின் வழக்கு அவர் இறந்ததால் முடியவில்லை, அவர் குற்றம் செய்யாததால் முடிந்தது என்று பதிவைத் திருத்த வேண்டும்.

என் மீதான வழக்கை மட்டும் தயவுசெய்து கைவிடாதீர்கள். மார்ச் மாதம் விசாரணைக்கு வருகிறேன். அந்த நிலம் யாருடையது என்று நீதிபதியின் முன் நின்று சொல்லும் வாய்ப்பு என் தம்பிக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்திருக்கிறது, அதை இரக்கத்தால் என்னிடமிருந்து எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

கொலீன் பிரெக்கி
(ஒப்பம்)

இடம்: ஆஷ்பி கிராசிங்
நாள்: 11 பிப்ரவரி 2019