நன்றியுரைப் பூதம்

உன் நினைவு மலர் இன்று தபாலில் வந்தது. உறையைக் கிழித்ததும் அச்சு மையின் மணம் குசினி முழுக்கப் பரவியது. அட்டையில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகச் சிரிக்கிறாய். உள்ளே பன்னிரண்டு பேர் உன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். "யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர்" என்று ஒருவர் வாய் கூசாமல் எழுதியிருக்கிறார். பச்சைப் பொய். மலரை மூடி மேசையில் எறிந்துவிட்டேன்.

உன் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு முன்னர் உன் மனைவி துரொண்ட்ஹெய்ம் நகரிலிருந்து அழைத்தார். "அண்ணா, நீங்கள் அவரின்ரை பழைய சிநேகிதன். ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்று கேட்டார். நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது. எனக்கு எழுத வந்ததை அந்த மலரில் போட முடியாது. செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நீ உயிரோடு இருந்தபோதும் நான் சொல்லவில்லை. பிறகு எப்போதுதான் சொல்வது?

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நமக்குப் பத்தொன்பது வயது. நான் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து பஸ் பிடித்து ஹவுகெட்டோவிலிருந்த உன் வீட்டுக்கு வருவேன். உன் அறையில் அந்தப் பழைய விளையாட்டு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இருண்ட பாதைகளில் துப்பாக்கியோடு ஓடிப் பூதங்களைச் சுட வேண்டும். அதன் கோப்புகளைத் திறந்து படங்களையும் ஒலிகளையும் யாரும் மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றிச் செய்ததை மொட் என்போம். உன் வகுப்பு நோர்வேப் பெடியன்கள் பூதங்களுக்குத் தங்கள் ஆசிரியர்களின் முகங்களை ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்:

"எங்களிட்டை இதைவிடப் பெரிய பூதங்கள் இருக்குது மச்சான். மைக்கைப் பிடிச்சால் விடாததுகள்."

எங்கள் விழாக்களில் வேறு என்ன இருந்தது? வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை. நடுநடுவே பொன்னாடை. பின்னால் கொத்துரொட்டி ஆறிக்கொண்டிருக்கும். நன்றியுரை முடியாமல் ஒருவருக்கும் சாப்பாடு கிடையாது. நீ துப்பாக்கியை எடுத்துவிட்டுப் பொன்னாடையைக் கொடுத்தாய். பேசிக்கொண்டு வருகிறவர் மேல் எறிந்தால் அவர் கும்பிட்டபடி உட்கார்ந்துவிடுவார். அவர்களை நிறுத்த உலகத்தில் வேறு வழி இல்லை என்றாய். விழா வீடியோக்களிலிருந்து முகங்களை வெட்டினோம். சிறப்புரைக்காரருக்கு நானே குரல் கொடுத்தேன். வயிறு நோகச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லை என்று சொல்ல வரவில்லை.

கடைசிப் பூதம் யார் என்பதில்தான் வந்தது வினை. சாப்பாட்டுக்கு முன்னால் நிற்பவர் நன்றியுரைக்காரர். ஆண்டுதோறும் அதைச் சொல்பவர் என் அப்பா.

அப்பாவுக்கு அந்த மூன்று நிமிடம் எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். பகல் முழுக்க ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. அங்கே அவரோடு யாரும் கதைப்பதில்லை. அந்த ஒரு நாள் மட்டும் கோட்டுப் போட்டு மேடையில் ஏறுவார். கதிரைகள் இழுபடும், சனம் சாப்பாட்டுப் பக்கம் நகரும், யாரும் கேட்க மாட்டார்கள். அவர் கவலைப்படாமல் ஒருவரையும் விடாமல் நன்றி சொல்வார். இரண்டு கிழமைக்கு முன்னரே குசினியில் நின்று பழகுவார்.

"தம்பி, இதை ஒருக்கால் பதிஞ்சு விடு. மூண்டு நிமிசத்துக்குமேலை போகுதோ எண்டு பாப்பம்" என்று என்னிடம்தான் கேட்டார். பதிந்தேன். அதைக் கொண்டுவந்து உன்னிடம் தந்ததும் நான்தான்.

"இப்போதைக்கு அளவு பாக்கத்தான். வெளியிலை குடுக்கமுன்னம் வேறை குரல் போடுறன்" என்றாய். அந்த வாக்கை நம்பினேன். நீ மாற்றவில்லை. குறுந்தட்டுகளில் எழுதித் தமிழ்ப் பள்ளி முழுக்கக் கொடுத்தாய்.

ஒரு பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகள் அறைக்குள் கணினியைச் சுற்றிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன சிரிப்பென்று பார்க்க அப்பா சாப்பாட்டுக் கோப்பையோடு போனார். நான் பின்னால் ஓடினேன். பிந்திவிட்டது. திரையில் அவருடைய முகம், கீழே பூதத்தின் உடம்பு. பொன்னாடை விழ விழ அவருடைய குரல் கத்தியது. அப்பா கடைசிவரை நின்று பார்த்தார். "நல்லாத்தான் செய்திருக்கிறாங்கள்" என்று சொல்லிவிட்டு வந்து இருந்தார். கோப்பையில் இருந்ததைத் தொடவில்லை.

பஸ்ஸில் வரும்போது கேட்டார்: "அது அவனிட்டை எப்பிடிப் போனது?"

"களவெடுத்திருக்கிறான் அப்பா" என்றேன்.

மறுநாள் ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில் உன்னைப் பிடித்தேன். "மாத்துறன் எண்டனீ எல்லோ?" என்று கத்தினேன். நீ சிரித்தாய்.

"ஸ்லாப் அவ் மச்சான், கொஞ்சம் ஆறுதலாய் இரு, பகிடிதானே. உண்மையைச் சொல்லட்டே? முழு விளையாட்டிலையும் அந்தக் குரல்தான் திறம். மாத்த மனம் வரேல்லை."

உன்னைப் பிடித்துச் சுவரோடு தள்ளினேன். அத்தோடு நம் சிநேகிதம் முடிந்தது. அடுத்து வந்த விழாவில் நன்றியுரைக்குக் கேட்டபோது அப்பா தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டும் தொண்டை சரியில்லை. அதற்கு அடுத்த ஆண்டு யாரும் அவரைக் கேட்கவில்லை. கோட்டு அலுமாரிக்குள் கிடந்தது. சாகும்வரை அவர் மேடையில் ஏறவேயில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் உன்னை வெறுப்பது சுலபம். அதையும் நீ கெடுத்தாய். ஒருநாள் அப்பா கடைக்குப் போய் வந்து சொன்னார்: "அந்தப் பெடியனைக் கண்டனான். தலையைக் குனிஞ்சுகொண்டு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா, நான்தான் கேக்காமல் எடுத்தனான் எண்டான். நீ சொன்னது சரிதான் தம்பி." நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி போட எழும்பிப் போனேன்.

யாரடா கேட்டது உன்னை? பதிவைத் தந்தவன் நான் என்று நீ போட்டுக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் அப்பா என்னை ஏசியிருப்பார், ஒரு மாதம் கதைக்காமல் இருந்திருப்பார், பிறகு சரியாகியிருக்கும். நீ பெரிய மனிதனாகி என் பொய்யை உண்மையாக்கிவிட்டுத் துரொண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போய்விட்டாய். அதற்குப் பிறகு அப்பாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா என்னை நல்லவன் என்று நம்பியபடியே போனார். செய்த துரோகத்தைவிட இந்த நல்ல குணத்துக்குத்தான் உன்மேல் எனக்கு ஆத்திரம் அதிகம். பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் இது தெரியாது.

அப்பா போன பிறகு வீடெல்லாம் தேடினேன். படங்கள் நிறைய இருக்கின்றன. விழா வீடியோக்களில் நன்றியுரை வந்ததும் படம்பிடிப்பவரும் கமராவை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் போயிருக்கிறார். நான் பதிந்த மூலப் பதிவு எப்போதோ அழிந்துவிட்டது. அவருடைய குரல் இருப்பது உன் விளையாட்டுக்குள் மட்டும்தான். நீ சொன்னபடி மாற்றியிருந்தால் அதுவும் இராது. இதற்காக உன்னை மன்னிப்பேன் என்று நினைக்காதே.

அவர் குரலைக் கேட்க ஆசை வரும்போது, என்னிடம் மிஞ்சியிருக்கும் உன் குறுந்தட்டைப் போட்டு, எல்லா அறைகளையும் கடந்து கடைசி மண்டபத்துக்குப் போகிறேன். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அடி விழாமல் அவர் வாய் திறக்க மாட்டார். நீ அப்படித்தான் செய்து வைத்திருக்கிறாய். அதனால் பொன்னாடையை எறிகிறேன். "நாளைக்கு இந்த மண்டபத்தைக் கூட்டப்போகிற கைகளுக்கும் எங்கள் நன்றி" என்கிறார். இன்னொன்று எறிகிறேன். மறுபடியும் சொல்கிறார். மூன்றாவதும் விழுந்தால் கும்பிட்டு உட்கார்ந்துவிடுவார், பிறகு சாப்பாடு. இதுவரை நான் அதை எறிந்ததில்லை.