ஆச்சு சொன்னால்தான் கணக்கு

ஏப்ரல் 26, சனி

பள்ளிக்கு இன்றிலிருந்து கோடை விடுமுறை. பஸ்ஸைக் கழுவி ஷெட்டில் விட்டு, சாவியை ஆபீஸில் கொடுத்தாயிற்று. ஜூன் வரைக்கும் என் இடது காலுக்குக் கிளட்ச் கிடையாது. நாளை கண்ணாடியோடு ரயில் பார்க்கப் போகிறேன்.

கண்ணாடி என்பது அவனுக்கு நான் வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், அவனே சோடாபுட்டிதான். படிக்கிற காலத்திலிருந்து எங்கள் இருவருக்கும் ரயில் கிறுக்கு. வருஷத்துக்கு ஒரு முறை அவன் காரில் கிளம்பி, தண்டவாளம் போகிற வழியெல்லாம் போய், கூடாரம் போட்டுத் தங்கி, வருகிற எஞ்சின்களை வாய் பிளந்து பார்ப்போம். எங்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஒருவன் எஞ்சின் நம்பரை உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவனும் பார்த்துவிட்டு "ஆச்சு" சொல்ல வேண்டும். ஆச்சு சொன்னால்தான் கணக்கு. சொல்லாவிட்டால் அந்த வண்டி வரவேயில்லை என்று அர்த்தம். இதற்காகப் பேச்சு நின்றுபோன நாட்களும் உண்டு.

காலையில் பால் பொங்கி வழிந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேனாம். "காவலுக்கு நிக்க வச்சா கனவு காண்றீங்க," என்று வீட்டுக்காரி ஒரு பிடி பிடித்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஊருக்குக் கிளம்புகிறவன் வாயைத் திறக்கக் கூடாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கண்ணாடி ஸ்டியரிங்கைத் தர மாட்டேன் என்கிறான். "வருஷம் பூரா நீதானடா ஓட்டுற. லீவுலயாவது கைய கட்டிக்கிட்டு வா." ராஜ மரியாதை. அவன் ஓட்டுகிற லட்சணத்துக்கு ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார்.

ஆற்றுப் பாலத்துக்கு அருகே மணல்மேட்டில் கூடாரம். பிற்பகலில் நான்கு வண்டிகள். நான்கும் ஆச்சு. ரொட்டி, முட்டை, அடுப்பில் போட்ட டீ. மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

இன்று ஒன்று நடந்தது. எழுதிவிட்டால் சின்னதாகத் தெரியும் என்று எழுதுகிறேன்.

மாலையில் பாலத்தைப் பார்த்தபடி நின்றிருந்தோம். கையில் டீ. அவன் திடீரென்று என்னைப் பார்த்து, "ஆச்சா?" என்றான்.

"எதுடா?"

"சரக்கு வண்டிடா. இப்பத்தானே போச்சு."

பாலம் காலியாக இருந்தது. பறவைகள்கூட இல்லை. விளையாடுகிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. நம்பரை மறுபடி சொன்னான், மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. நான் ஆச்சு சொல்லவில்லை. பார்க்காத வண்டிக்கு எப்படிச் சொல்வது?

பிறகு டீயைக் குடிக்கப் போனேன். ஆறிப்போயிருந்தது. மேலே கரித்தூள் மிதந்தது. அடுப்பில் இருந்து விழுந்திருக்கும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இவன் ரயிலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்க்கிறான். நான் திரும்பினால் கண்ணாடியைத் துடைக்கிறான். கார் சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். இந்தப் பொட்டல்காட்டில் யார் வந்து காரைத் திருடப் போகிறார்கள்?

கடைத்தெருவில் சிக்னல் கிடைத்ததும் அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, அவரு ரெண்டு மாசமா சரியா தூங்கறதே இல்ல. எதையோ மனசுல போட்டுக் குமைஞ்சுக்கிட்டு இருக்காரு. கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு. நீங்கதான் பாத்துக்கணும்." நான் இருக்கிறேனம்மா, கவலைப்படாதே என்றேன்.

அப்படியானால் விஷயம் இதுதான். கண்ணாடிக்கு ஏதோ ஆகிவிட்டது. இல்லாத வண்டி அவனுக்குத் தெரிகிறது. ஊருக்குப் போனதும் நயமாகப் பேசி டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள்? அவன் பெண் ஏழாவதுதான் படிக்கிறாள், வாந்தி வருகிறது என்று நிற்கும்வரை என் பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தாள்.

ஏப்ரல் 30, புதன்

இடம் மாற்றினோம். ஒரு லெவல் கிராசிங், பக்கத்தில் கேட்கீப்பரின் ஒற்றை அறை, சுற்றிலும் காய்ந்த புல். கூடாரம் அடித்துவிட்டு நாலு மணி வெயிலில் கேட் ஓரமாகப் போய் நின்றோம்.

மறுபடியும் அதே கதை. "ரெண்டு எஞ்சின் சேத்து இழுத்துட்டுப் போச்சுடா. சிவப்பு. ஆச்சா?"

ரெண்டு எஞ்சினாம். அத்தனை பெட்டியாம். ஒரு சத்தம்? தரை அதிர வேண்டாமா? என் காதுக்குள் பஞ்சா அடைத்திருக்கிறது? கேட் திறந்து கிடந்தது. ஒரு லாரி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவன் முகம் வெளுத்து, வேர்த்து, ஒரு கையை என் முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றான்.

கத்திவிட்டேன். "ஏன்டா இப்படிப் பண்ற? இல்லாததை இருக்குன்னு சொல்லி என்னையும் பைத்தியமாக்கப் பாக்கிறியா?" அவன் கூடாரத்துக்குள் போய்ச் சுவரைப் பார்ப்பது போலத் துணியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

ஒன்றை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். அவன் கேட்பதற்கு முன்னால் கேட் மூடத் தொடங்கியதைப் பார்த்தேன். மணி அடித்தது. அதற்கு அடுத்து எனக்குத் தெரிந்தது திறந்த கேட். நடுவில் என்ன?

வெயில். வெயிலாகத்தான் இருக்கும்.

மே 1, வியாழன்

காலையில் அவன் முகம் கழுவப் போன நேரத்தில் கேட்கீப்பரிடம் போனேன். சாட்சிக்கு. நேற்று மாலை எந்த வண்டியும் வரவில்லை என்று அவர் வாயால் வாங்கிவிட்டால், கண்ணாடியிடம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க சார். இப்ப உடம்பு பரவாயில்லையா?"

எனக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன்.

அவர் பிளேடைக் கீழே வைத்தார். "நேத்து சரக்கு வண்டி வர்றப்போ நீங்க கேட்டுக்குப் பக்கத்துல நின்னீங்க. குனிஞ்சு உள்ள நுழையப் பாத்தீங்க. ஓய் ஓய்னு கத்துறேன், திரும்பவே இல்ல. உங்க கூட்டாளிதான் பின்னாடி சட்டையப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தாரு. நீங்கபாட்டுக்கு எங்கயோ பாத்துக்கிட்டு ஒரே வார்த்தையச் சொல்லிக்கிட்டே இருந்தீங்க."

"என்ன வார்த்தை?"

"ஆச்சு. ஆச்சு, ஆச்சு, ஆச்சுன்னு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு சார். அப்ப வண்டி இன்னும் வரவே இல்ல."

திரும்பி நடந்து வந்தேன். கூடாரத்துக்குள் நேற்றுப் போட்டிருந்த சட்டையை எடுத்து விரித்தேன். முதுகுத் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது.

மே 1, அதே நாள், மதியம்

பேசிவிட்டோம்.

மார்ச்சில் ஒரு நாள் அவன் பெண் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கிறாள். சிக்னலில் பச்சை விழுந்தும் மாமா பஸ்ஸை எடுக்கவில்லை, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், மாமா வாயை மென்றுகொண்டே இருந்தார், கூப்பிட்டால் கேட்கவில்லை, பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓட்டினார். கண்ணாடி அதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. அன்றிலிருந்து அவளைத் தானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டான். அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி வருகிறது என்று என்னிடம் சொன்னது பொய்.

"மத்த பிள்ளைங்க?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வெளிய சொன்னா உன் வேலை போயிடும். சொல்லாம இருந்தா… ரெண்டு மாசம் தூங்கலடா. குழந்தை ஏதோ தப்பாப் பாத்திருப்பா, நான் நேர்ல பாத்துட்டா நிம்மதியாயிடும்னுதான் கூட்டிட்டு வந்தேன். ஒவ்வொரு வண்டி வர்றப்பவும் இவன் ஆச்சு சொல்லிடணும்னு வேண்டிக்கிட்டு நின்னேன்."

"பொறி வச்சுப் பிடிக்கவா கூட்டிட்டு வந்தே?"

"ஆமா," என்றான். அழுதான். முப்பது வருஷப் பழக்கத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. அவன் மீது கோபம் கோபமாக வந்தது. அதைவிட, என் கைகளைப் பார்த்தால் பயமாக இருந்தது.

மே 2, வெள்ளி

திரும்பும் வழி. அவன் ஓட்டுகிறான். வேலையை விடு என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. சொன்னால் சண்டையாவது போடலாம்.

வழியில் ஒரு வண்டி எங்களோடு கூடவே ஓடியது. இருவரும் பார்த்தோம். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

மே 14, புதன்

தலை முழுக்க வயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். வலிப்பில் ஒரு வகையாம். கீழே விழ மாட்டேன், துடிக்க மாட்டேன், நின்றபடியே காணாமல் போய்விடுவேன். மாத்திரை உண்டு. சரியான அளவு பிடிபட மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை வண்டி ஓட்டவே கூடாது. எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாததுதானே வியாதி.

வீட்டுக்காரி பாலைப் பற்றிச் சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

ராத்திரியெல்லாம் பஸ் ரூட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். பாலம், வளைவு, பெட்ரோல் பங்க், லெவல் கிராசிங். இதில் எத்தனை நாள் நான் ஓட்டினேன்? நான் இல்லாத நாட்களில் யார் ஓட்டியது?

மே 16, வெள்ளி

ஸ்கூலுக்குப் போய் நானே சொல்லிவிட்டேன். கண்ணாடி வாசலில் நின்றான். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். பிறகு, புது டிரைவருக்கு ரூட் காட்டிக் கொடுங்கள், அதற்கப்புறம் ஸ்டோர் ரூமில் இடம் போட்டுத் தருகிறேன் என்றார். நல்ல மனுஷன். வெளியே வந்து குழாயைத் திறந்து முகத்தை அலம்பிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்தது. புது டிரைவருக்கு இருபத்தைந்து வயசுதான் இருக்கும், ஆனால் கை சுத்தம். நான் இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னேன். கண்ணாடியின் பெண்ணும் ஏறினாள். மாமா என்று சொல்லிவிட்டு, எப்போதும் போலக் கடைசி வரிசைக்கு ஓடாமல் என் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

பெட்ரோல் பங்க் தாண்டி இடது பக்கம் திரும்பச் சொன்னேன். அடுத்துப் பார்த்தபோது பள்ளி வாசல். கதவு திறந்திருந்தது, பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் என் பக்கம் திரும்பினான். "ஏண்ணே, ரயில்வே கேட்டுக்கிட்ட ரெண்டு தடவ கேட்டேன், பேசவே இல்ல. கோவமா? நல்லவேளை அந்தப் பாப்பா வழி சொல்லுச்சு."

கோபமில்லை தம்பி என்றேன். படியில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினேன். எல்லோரும் வந்து சேர்ந்திருந்தார்கள்.