பெடலுக்கு இருபத்திரண்டு கிலோ

அன்புள்ள என்னவருக்கு,

நானும் மகளும் நலம். நீங்கள் நலமா என்று போனில் கேட்டால் ‘ம்’ என்கிறீர்கள். அடுத்து என்ன கேட்டாலும் ‘வச்சிடட்டுமா’. நீங்கள் அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து, நான்கு மாதமாக இதே பாட்டு. கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது என்றுதான் எழுதுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேசினால் பாதி காற்றுதான் வருகிறது, ஆனாலும் வாய் ஓயவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகியது. நானே வாஷர் மாற்றினேன். இப்போது முன்னைவிடக் கொஞ்சம் நன்றாக ஒழுகுகிறது.

இனி நம் எருமையைப் பற்றி. அந்த ஜீப்புக்கு மகள் வைத்த பெயர் சரிதான், நினைத்த இடத்தில் நின்றுகொள்கிறது. உங்களுக்கு அடிபட்ட பிறகு பாதிச் சுமையோடுதான் மலைமேலே போய்க்கொண்டிருந்தேன். போன வாரம் வானிலை நிலையத்துக்கு டீசலும் தண்ணீருமாக முழுச் சுமை ஏற்றினேன். மூன்றாவது வளைவிலேயே எஞ்சின் கத்துகிறது, சக்கரம் நகரவில்லை. ஒரே தீய்ந்த வாடை. பாதிக் கேன்களை வழியில் இறக்கிவைத்து இரண்டு நடை அடித்தேன். நிலைய அதிகாரி கோபக்காரர் இல்லை, ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டார். ‘மழ ஆரம்பிச்சா இந்த வண்டிய நம்பி மேல உக்கார முடியாதும்மா. பதினஞ்சு நாள்ல சரி பண்ணுங்க, இல்லன்னா வேற வண்டி பாக்கணும்’ என்றார்.

மெக்கானிக் அண்ணன் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். கரிந்து, தேய்ந்து, கையோடு கருப்பு ஒட்டியது. பழைய மாதிரியே இன்னொன்று போடலாமாம். பெடல் மெத்தென்று இருக்கும், ஆனால் முழுச் சுமையோடு அந்தக் கடைசி வளைவில் மறுபடியும் வழுக்கும். இல்லையென்றால் மலை வண்டிகளுக்குப் போடுகிற கனமான கிளட்ச். அது வழுக்காது, ஆனால் பெடல் கல்லாக இருக்கும்.

எவ்வளவு கல் என்று கேட்டேன். அந்தக் கிளட்ச் போட்ட வேறொரு வண்டி பட்டறையில் நின்றது. நான் விடவில்லை. வீட்டிலிருந்து எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுபோய்ப் பெடலின் மேல் பிடித்துக்கொண்டு, அதன்மேல் காலை வைத்து மிதித்தேன். பட்டறையே சிரித்தது. முள் இருபத்திரண்டில் நின்றது. பத்து தடவை மிதித்ததும் எனக்கே தொடை நடுங்கியது. பெடலை இலகுவாக்க வழியில்லையா என்றேன். அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டார். ‘கொஞ்சம் கொறைக்கலாம்மா. அவரு காலுக்கு ஏத்த மாதிரி கொறையாது’ என்றார்.

அதுதான் விஷயம். பழையதைப் போட்டால் இன்னொருவர் காலும் போகலாம். கனமானதைப் போட்டால், நீங்கள் இனி ஓட்டப்போவதில்லை என்று நானே முடிவுகட்டியது போலாகும். முன்னே போனால் முட்டுகிறது, பின்னே போனால் உதைக்கிறது. வண்டி ஓடிய நாளெல்லாம், சாயங்காலம் நிறுத்தியதும், என் குட்டைக் காலுக்காக முன்னே இழுத்த சீட்டை உங்கள் இடத்துக்குத் தள்ளி வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். இதுவரை ஒருநாளும் மறந்ததில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அன்று அந்தக் கடைசி வளைவில் நீங்கள் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைக்க இறங்கியபோது, ஓட்டும் சீட்டில் நான் இருந்தேன். ஹேண்ட் பிரேக் செத்து எத்தனையோ காலம். நம் வழக்கப்படி கிளட்சிலேயே பாதி மிதித்து வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தேன். அது வழுக்கியது. ஒரு முழம்தான் பின்னால் வந்தது. அந்த ஒரு முழத்தில் உங்கள் இடது கால் இருந்தது. நீங்கள் பேசாமல் இருப்பது என்மேல் உள்ள கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிளேட்டைப் பார்த்துவிட்டு மெக்கானிக் அண்ணன், ‘இது ஒருநாள்ல கருகினது இல்ல. வருஷக்கணக்கா பெடல் மேலேயே கால வச்சிக்கிட்டு ஓட்டினது. யாரு அது?’ என்று கேட்டார். நான்தான் என்றேன். நான் ஓட்டக் கற்றே ஒரு வருஷம் ஆகவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டிவிட்டு ஸ்பானரைத் துடைத்தார்.

குத்திக்காட்ட எழுதவில்லை, சத்தியமாக. அந்தப் பழக்கத்தைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். பார்த்தும் சொல்லவில்லை. ஹேண்ட் பிரேக்கைச் சரிபண்ணச் சொல்லியும் நச்சரிக்கவில்லை, வேறெதற்கெல்லாமோ நச்சரித்திருக்கிறேன். ஒருவேளை உங்கள் கோபம் உங்கள் மேலேயேதானோ என்று இப்போது தோன்றுகிறது. அப்படியென்றால் அதில் பாதியை எனக்குக் கொடுங்கள். தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். அங்கே பயிற்சி அறையில் காலால் தள்ளுகிற மெஷின் ஒன்று இருக்கிறதே, முதல் மாதம் நான் வந்தபோது அதில் உங்கள் இடது கால் ஆறு கிலோவைத் தாண்டவில்லை. நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நானும் பார்க்காதவள் போல நின்றேன். இன்று எத்தனை என்று பார்த்து, அந்த எண்ணை மட்டும் ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம். அது வரும்வரை எந்தக் கிளட்சையும் மாட்ட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

எண் இருபத்திரண்டுக்குக் கீழே இருந்தாலும் கனமானதைத்தான் போடச் சொல்வேன், மறைக்கவில்லை. எருமையை நான் ஓட்டுகிறேன். ஹேண்ட் பிரேக்குக்கும் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கடைசி வளைவில் என் காலும் தானாகவே பெடல் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஓட்ட வேண்டாம், கட்டை வைக்க வேண்டாம். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, ‘பெடல் மேலருந்து கால எடுடி’ என்று திட்டுவதற்காவது வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள் கால் பத்திரம்.

இப்படிக்கு,
உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
எருமையின் டிரைவர்