கூட ஒரு ஆள்

விருத்தாசலம்
10.6.2024

அன்புள்ள அன்புக்கரசிக்கு,

நீயும் உங்க அண்ணன் வூட்டுல எல்லாரும் சுகமா இருக்கணும். போன்ல பேசினா சண்டையில முடியுது, அதான் எழுதறேன்.

எனக்கு நெஞ்சுவலி வந்ததை நம்ம வெண்பா சொல்லியிருக்கும். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலேருந்து வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப அங்கேருந்து கயல்விழின்னு ஒரு பொண்ணு வீடியோ கால்ல வந்து உடற்பயிற்சி சொல்லிக் குடுக்குது. ஒழுங்கா முடிச்சா செராமிக் கம்பெனியில உக்காந்து செய்யற வேலைக்காவது போகலாமாம். சூளைப் பக்கம் இனிமே முடியாது.

பயிற்சி செய்யும்போது வூட்டுல கூட ஒரு ஆள் இருக்கணும்னு சொல்றாங்க. வெண்பாவை மாமியார் வூட்டுல அனுப்ப மாட்டாங்க. அதனால, சம்சாரம் உள்ள சமைக்கிதுன்னு சொல்லி உன் நம்பரைக் குடுத்துட்டேன். கேட்டா ஆமான்னு சொல்லு. முடிஞ்சா அந்த நேரம் மட்டும் வந்து உக்காந்துட்டுப் போ. என்கிட்ட பேசக்கூட வேணாம்.

ராஜாங்கம்


சேத்தியாத்தோப்பு
21.6.2024

வெண்பா அப்பாவுக்கு,

உங்க கடுதாசி வந்துச்சு. அந்தப் பொண்ணும் கூப்பிட்டுது. “அம்மா, அவருக்கு மூச்சு வாங்கினா உடனே உக்கார வச்சிடுங்க, பக்கத்துலயே இருங்க”ன்னுது. சரிம்மான்னுட்டேன். அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.

நீங்க கை நீட்டினதுக்கு அப்பறம் அந்த வாசப்படியை மிதிக்க எனக்கு மனசு வரல. இனிமேலும் வராது. ஆனா நீங்க தனியா விழுந்து கெடந்தா, பக்கத்துல இருக்கேன்னு சொன்னவ நான்தானே. மறுநாள் நானே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிட்டேன். கோவிச்சுக்காதீங்க. மாத்திரையை விட்டுடாதீங்க, உப்பைக் குறைங்க.

அன்புக்கரசி


விருத்தாசலம்
9.7.2024

அன்புக்கரசிக்கு,

கோவம் இல்ல. நீ சொன்னது சரிதான்.

போன்ல பயிற்சியை நிறுத்திட்டாங்க. இனிமே நேர்ல பாண்டிச்சேரிக்கு வரச் சொல்றாங்க. ஒரு தடவை கெளம்பிப் பாத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் போக முடிஞ்சுது, திரும்பி வந்துட்டேன். கம்பெனியில வேற ஆளைப் போட்டுட்டாங்க. வூட்டுக்குள்ள நடந்துக்கிட்டிருந்தேன், அதையும் விட்டுட்டேன்.

அந்தப் பொண்ணு தெனம் கூப்பிட்டதும், “அம்மா நல்லா இருக்காங்களா?”ன்னு கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கும். நல்லா இருக்காங்க, உள்ள கொழம்பு வைக்கிறாங்கன்னு சொல்லுவேன். சொல்லிட்டு, போனு முடியற வரைக்கும் சமையக்கட்டுப் பக்கம் திரும்பாமலே கையைக் காலை நீட்டி மடக்குவேன். அந்த நேரம் நீ உள்ள இருக்கற மாதிரியே இருந்துச்சு.

இப்ப கேக்க யாரும் இல்ல. நீ வர வேணாம். பதிலும் எழுத வேணாம்.

ராஜாங்கம்