கடைசி இரண்டு குப்பிகள்

அனுப்புநர்:
மு. சத்யபிரியா, எம்.எஸ்சி.,
கரட்டுத்தோட்டம், ஓலக்காட்டுப்புதூர்,
மல்லசமுத்திரம் வழி.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: பாம்புக்கடி மருந்தின் கடைசிக் குப்பிகளை எடுக்காமல் நிறுத்தி வைக்கும் வழக்கம் – மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஐந்து ஊர்களில் இரண்டிரண்டாகக் கிடக்கும் மருந்தை இருப்பு என்பதா, இல்லை என்பதா? எனக்கு விடை தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

1. கடந்த 5-ஆம் தேதி மாலை, மரவள்ளிக் காட்டில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த என் கணவர் மோகன்குமாரைக் கண்ணாடிவிரியன் கடித்தது. அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குக் காரில் கொண்டு சென்றேன். மருந்து இல்லை, சேலம் போங்கள் என்றார்கள். குளிர்பெட்டியில் இரண்டு குப்பிகள் இருந்தன. கேட்டதற்கு மருந்தாளுநர் சொன்னது: "அதத் தொடக்கூடாதுங்கக்கா. எடுத்தா கம்ப்யூட்டர்ல சைபர் காட்டும், மெமோ வந்துரும். ரெண்டப் போட்டு என்னங்க ஆகும், பத்து வேணுமில்லீங்க? சுத்தியிருக்கற அஞ்சு ஊர்லயும் இப்படி ரெண்டு ரெண்டுதான் நிக்குது." அவர் பெயரையும் ஊரையும் தவிர்க்கிறேன். பழி ஓர் ஊரோடு முடிந்துவிடக் கூடாது.

2. வழியில் இன்னொரு நிலையத்திலும் நிறுத்தினேன். அங்கும் அதே இரண்டு, அதே பதில். சேலத்தில் முதல் தவணையாகவே பத்துக் குப்பிகள் ஏற்றினார்கள். எங்களைச் சுற்றி நின்றிருந்ததும் அதே பத்துதான்.

3. தாமதத்தால்தான் அவர் சிறுநீரகம் பழுதானது என்று நான் சாதிக்கவில்லை. மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

4. யார்மீதும் நடவடிக்கை கோரவில்லை. கடைசிக் குப்பியை நோயாளிக்குக் கொடுத்தவருக்கு மெமோ வராது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். பத்தையும் ஒரே நிலையத்தில் வைத்து, அது எந்த ஊர் என்று மற்ற நான்கின் வாசலிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். காட்டில் தண்ணீர் திருப்பும் வேலை நிற்கவில்லை. இப்போது அதை நான் செய்கிறேன். ஆகவே விரைந்து முடிவெடுக்க வேண்டுகிறேன்.

இடம்: ஓலக்காட்டுப்புதூர்
நாள்: 18.11.2024

இப்படிக்கு,
மு. சத்யபிரியா

பி.கு.: கடிபட்ட மறுநாள் நடந்ததையும் பதிவு செய்கிறேன். அந்த மருந்தாளுநர் போனில் அழைத்து, "அண்ணன் எப்படிங்க இருக்காங்க?" என்று விசாரித்தார். அன்று அவர்களுக்கு இருப்பு ஆய்வாம். குப்பிகளை எண்ணிப் பார்த்து, குறை ஏதுமில்லை என்று எழுதிப் போனார்களாம். அவர் பேசிக்கொண்டிருந்தபோது, உள்ளே என் கணவருக்கு முதல் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது.