வெள்ளைக்கல்லுக்கு அப்பால்

அண்ணை,

வயலெல்லாம் மாட்டுச்சாணத் தண்ணீர் விசிறியிருக்கிறார்கள். பஸ்ஸால் இறங்கினதுமே மூக்கில் அடித்தது. "மூக்கைப் பொத்தாதை, நல்ல பசளை" என்று நீங்கள் சொல்லும் குரலும் கூடவே வந்தது. நான் பொத்தவில்லை. நீங்கள் போய் இரண்டு வருசமாக இந்தப் பக்கம் கால் வைக்காதவன், இன்றைக்குத்தான் எங்கள் பழைய கோச்சிப் பாதைக்கு வந்தேன்.

தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுச் சனம் நடக்கவும் சைக்கிள் ஓடவும் விட்ட பாதை. ஒரு ஏற்றமில்லை, ஒரு வளைவில்லை. இரண்டு பக்கமும் கோதுமையும் பீட்கிழங்கும். முதல்நாள் குனிந்து ஒரு சரளைக்கல்லை எடுத்துப் பார்த்தீர்கள். ஊரில் ஸ்டேசனில் டிக்கெற் கொடுத்த மனிதரல்லவா! "எங்கட தண்டவாளத்தைச் சண்டைக்குப் பங்கர் போடப் புடுங்கினாங்கள். இஞ்சை சைக்கிள் ஓடப் புடுங்கியிருக்கிறாங்கள். குடுத்துவைச்ச சனமடா" என்றீர்கள்.

இந்த நாட்டு அகதி விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. வேலை செய்ய அனுமதியில்லை, மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதியில்லை. பிடிபட்டால் ஃபைலில் ஏறும். உங்கள் ஃபைலில்தான் மனைவியையும் மகளையும் கூப்பிடும் கனவு கிடந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு இந்தப் பாதையில் நடப்போம். ஒன்றரை மணித்தியாலம் நடந்தால் ஒரு வெள்ளைக்கல் வரும். அதில் ஏதோ சின்னம் பொறித்திருக்கும், அதற்கப்பால் தார் முடிந்து மண் தொடங்கும். "இதுதான் அண்ணை மாவட்ட எல்லை" என்று சொன்னவன் நான்.

அந்தப் பாதை முடிகிற இடத்தில் பழைய ஸ்டேசன் ஒன்று இருப்பதாக விடுதியில் யாரோ சொல்லியிருந்தார்கள். "பிளாட்போம் இருக்கோ எண்டு ஒருக்காப் பாக்கவேணும்" என்பீர்கள். ஒவ்வொரு முறையும் கல்லடியில் நின்று அதே கேள்வி:

"வடிவாத் தெரியுமோ, இதுதானோ எல்லை?"

"ஓம் அண்ணை, வடிவாத் தெரியும்."

"ஆரிட்டையும் கேட்டுப் பாப்பமோ?"

"உங்களுக்கென்ன விசரே? எல்லை எங்கை எண்டு கேட்டால், தாண்டப்போறாங்கள் எண்டெல்லோ நினைப்பாங்கள்!"

"அதுவும் சரிதான்" என்று திரும்பிவிடுவீர்கள். நாலு வருசம் அப்படியே திரும்பினோம். ஒரு மனிதரிடமும் கேட்கவில்லை.

பிறகு எனக்கு விசா கிடைத்தது. பீலெஃபெல்ட் நகரத்தில் வேலையும் கிடைத்து அங்கே குடிபோனேன். ஆனாலும் ஞாயிறுகளில் உங்களிடம் வருவேன். கார்களிலெல்லாம் உதைபந்தாட்டத்துக்குக் கொடி பறந்த அந்தக் கோடையில், நான் விளையாட்டாகக் கல்லைத் தாண்டிப் பத்து அடி போய் நின்று, "வாங்கோ அண்ணை, ஒரு குருவியும் இல்லை" என்று கூப்பிட்டேன். உங்கள் முகம் கறுத்துவிட்டது.

"உனக்கு விசா இருக்கு. எனக்குப் பிள்ளை இருக்கு."

சொல்லிவிட்டு விடுதிப் பக்கம் திரும்பி நடந்தீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த ஞாயிறு ஒன்றும் நடக்காததுபோலப் பிளாஸ்க்கோடு விடுதி வாசலில் நின்றீர்கள்.

அந்த மாரிக்குளிரில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. செய்தி சொல்ல ஊருக்குப் போன் எடுத்தபோது, அழுது ஓய்ந்த பிறகு உங்கள் மகள் கேட்ட முதல் கேள்வி, "மாமா, அப்பா அந்த ஸ்டேசனைப் பாத்தவரோ?" என்பது. கிழமைக்கொருக்காப் போனில் அதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள் போல. "இல்லையம்மா, அது எல்லைக்கு அங்காலை" என்றேன்.

இன்றைக்கு வெள்ளைக்கல்லடியில் புதிதாக ஒரு வரைபடப் பலகை வைத்திருக்கிறார்கள். மாவட்ட எல்லையைச் சிவப்புக் கோட்டால் போட்டிருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன். கோடு ஸ்டேசனையும் தாண்டி, இன்னொரு கிராமத்துக்கு அப்பால் போகிறது. வெள்ளைக்கல் ஒரு கிராமம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம், வேறொன்றுமில்லை. ஐயோ அண்ணை, நீங்கள் தாராளமாகப் போயிருக்கலாம்! ஒரு பொலிசும் உங்களைத் தொட்டிருக்க முடியாது.

நான் தனியே நடந்தேன். முக்கால் மணித்தியாலம்தான். பிளாட்போம் இருக்கிறது அண்ணை. ஓரங்களில் பாசி, நடுவில் புல், குந்தியிருக்க ஒரு வாங்கு. அதில் இருந்து வாய்விட்டு அழுதேன். சைக்கிளில் வந்த ஒரு கிழவி இறங்கி, உதவி வேணுமா என்று கேட்டாள். இந்தச் சனத்திடம்தான் நாங்கள் ஒரு கேள்வி கேட்கப் பயந்தோம்.

படம் எடுத்திருக்கிறேன், உங்கள் மகளுக்கு அனுப்புவேன். எல்லை எங்கே இருந்தது என்பதையும், பிழை யாருடையது என்பதையும் சேர்த்து எழுதத்தான் வேணும். விடுதிக்குப் புதிதாக வந்த பெடியள் இப்போதும் எனக்குப் போன் எடுத்து, அண்ணை, இதைச் செய்யலாமோ, அங்கே போகலாமோ என்று கேட்கிறார்கள். "வடிவாத் தெரியும்" என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது. "வா, போய்க் கேட்பம்" என்று கூட்டிக்கொண்டு போவேன்.